சாய்ஸில் விட்ட பாதாம்

மாலை நான்கு மணி. வஃப்ரா பண்ணையின் வடக்கு மூலையில், ஆறு மரக்கன்றுகளுக்கு முன்னால் நானும் செல்லையாவும் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் இருவர் தலையிலும் மங்கி குல்லா. கழுத்தில் மஃப்ளர். பனியன், அதற்கு மேல் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் கம்பெனி கொடுத்த ஆரஞ்சு ஜாக்கெட். கன்றுகள் மட்டும் வெறும் உடம்போடு நின்றன. அதுதான் எங்கள் கவலை.

வடகாற்று லேசாக வீச ஆரம்பித்திருந்தது. அன்று இரவு ஐந்து டிகிரிக்கு இறங்கும் என்று செல்போன் சொன்னது.

"பாவம் சார், வாயில்லாத ஜீவன்" என்றார் செல்லையா.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. உத்தரவு போட்டேன். பண்ணைக் கிடங்கில் உருளைக்கிழங்கு வந்த சணல் சாக்குகள் கிடந்தன. ஒவ்வொரு கன்றுக்கும் சாக்கை இரண்டு சுற்றுச் சுற்றினோம். அதன்மேல் பிளாஸ்டிக் தாள். கயிறு போட்டுக் கட்டி, உள்ளே ஆளுக்கு ஒரு மஞ்சள் பல்பு தொங்கவிட்டு எரியவிட்டோம். ஆறாவது கன்றுக்குச் சாக்கு எட்டவில்லை. உச்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செல்லையா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு தன் தலையிலிருந்த குல்லாவைக் கழற்றி அதன் தலையில் மாட்டிவிட்டார்.

தூரத்திலிருந்து பார்த்தால், லேபர் கேம்ப் பஸ்ஸுக்கு ஆறு பேர் காத்து நிற்பதுபோல் இருந்தது.

ஆறு உயிரைக் காப்பாற்றிய நிறைவோடு காரை எடுத்துக்கொண்டு மங்காஃபுக்கு வீடு திரும்பினேன். அன்றைக்கு நான் உண்மையில் செய்த காரியம் என்ன என்பது தெரிய எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

மேனேஜர் என்றொரு பதவி

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வரி. நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். விவசாயத்தில் பட்டம் வாங்கியவன். குவைத்தில் ஒரு பண்ணைக்கு மேனேஜர்.

பாலைவனத்தில் எப்படி ஐயா விவசாயம் என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். அம்மா, தண்ணீர் டேங்கரில் வருகிறது. மண் லாரியில் வருகிறது. நான் விமானத்தில் வந்தேன். பண்ணைக்குச் சொந்தமாக அங்கே இருந்தது வெயில் மட்டும்தான்.

செல்லையா எங்கள் பண்ணையின் தலைமைத் தோட்டக்காரர். அறந்தாங்கிப் பக்கம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனால் சார் என்றுதான் கூப்பிடுவார். அவர் மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒன்றரை வருஷம் இங்கே ஓட்டிவிட்டால் போதும், பையன் கரையேறிவிடுவான் என்பது அவருடைய ஒரே கணக்கு. செடிகளோடு பேசுவார். என்னோடு பேசுவதைவிட மரியாதையாகப் பேசுவார்.

முதலாளி அபு நாசர். நாங்கள் பாபா என்போம். வாலிப வயதில் வடக்கே பனி கொட்டும் ஒரு தேசத்துக்குப் படிக்கப் போனவர். அங்கே அவர் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் பாதாம் தோப்பு. அந்த வீட்டுப் பையன் அவருக்கு உயிர்ச் சிநேகிதன். நாற்பது வருஷம் கழித்து அந்தச் சிநேகிதர் தோப்பை விற்றுவிட்டார். விற்பதற்கு முன்னால் தன் மரங்களிலிருந்து ஒட்டுக்கட்டிய ஆறு கன்றுகளை, வேரை ஈரப் பாசியில் பொதிந்து, விமானத்தில் அனுப்பிவைத்தார். அந்தத் தோப்பில் மிச்சம் அந்த ஆறுதான்.

பாபா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். பாதாம் வளர்க்கத் தெரியுமா?

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. 'தெரியாது' என்ற சொல்லை நாங்கள் பம்பாய் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம். கிரேன் ஓட்டத் தெரியுமா, தெரியும். பிரெஞ்சு சமையல் தெரியுமா, தெரியும். முதலில் தலையாட்டு, ரூமுக்குப் போய்க் கற்றுக்கொள். நான் பாதாமைப் பாயசத்தில்தான் பார்த்திருந்தேன்.

"நோ ப்ராப்ளம் பாபா" என்றேன்.

குளிரைப் பற்றிய எங்கள் சித்தாந்தம்

முதல் கோடையை எப்படியோ தாண்டினோம். நிழல்வலை கட்டினோம். தண்டில் சுண்ணாம்பு அடித்தோம். கிணற்று நீர் உப்பென்பதால் டேங்கர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாய் விட்டோம். ஐம்பது டிகிரி வெயிலில் ஆறும் தழைத்து இடுப்புக்கு மேல் வந்துவிட்டன. பாபா பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

கன்றுகளோடு ஒரு அட்டை வந்திருந்தது. புரியாத பாஷை. ஆனால் மைனஸ் இருபது என்ற எண் மட்டும் புரிந்தது. மைனஸ் இருபது டிகிரிக் குளிரிலும் சாகாத ஜாதி.

'அப்புறம் ஐந்து டிகிரிக்கு எதற்கய்யா சாக்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் அதற்குப் பதில் இருந்தது.

தாங்கும் என்பதற்காகத் தாங்கவைப்பது மனிதத்தன்மையா? இது ஒன்று. இரண்டாவது, பழக்கம் விட்டுப்போயிருக்கும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி வெயிலில் செருப்பில்லாமல் திரிந்தவன். இப்போது லீவுக்குப் போனால் ஊர்க்காரர்களே அலுத்துக்கொள்ளும்படி "அப்பா, என்னா வெயில்" என்று விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மனுஷனுக்கே இப்படியென்றால் மரத்துக்கு? ஒரு கோடை முழுக்கக் குவைத்தில் இருந்துவிட்டது. அதுவும் நம்மைப்போல ஆகியிருக்கும்.

தவிர, தமிழர்களுக்குக் குளிர் என்பது காது வழியாக உள்ளே புகும் ஒரு எதிரி. இருபத்திரண்டு டிகிரியில் நாங்கள் காதை மூடிக்கொள்வோம். அது எங்கள் ரத்தத்தில் ஊறியது. செல்லையா ஒரு படி மேலே போய், கன்றுகளின் அடியில் கதகதப்புக்காக எருவைக் குவித்துவைத்தார். காலையில் வந்து பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பார்ப்பார். உள்பக்கம் வியர்த்திருக்கும். "நல்லாச் சூடா இருக்கு சார், பிள்ளைக சௌக்கியம்" என்பார்.

டிசம்பர் முழுக்க, ஜனவரி முழுக்க, பிப்ரவரி முழுக்க, பிள்ளைகள் சௌக்கியமாக இருந்தார்கள்.

மார்ச்

சாக்கைப் பிரித்தோம்.

பூ வரவேண்டிய காலம். பூ இல்லை. சரி, இலையாவது வரட்டும் என்று காத்திருந்தோம். கிளை நுனியில் மட்டும் சின்னச் சின்னக் கொத்தாய், மொட்டைத் தலையில் நாலு முடி நட்டுக்கொண்டதுபோல், நோஞ்சான் இலைகள். மற்றபடி கிளை முழுக்க மொட்டுகள் இறுக மூடியே இருந்தன. சில காய்ந்து கையோடு உதிர்ந்தன.

செல்லையா நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார்.

"உள்ள பச்சையாத்தான் இருக்கு சார். சாகல. கோவமா இருக்கு."

அந்த வெள்ளிக்கிழமை பாபா வந்தார். நாங்கள் ஓடிப்போய் நின்றோம். அவர் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தார். விட்டார். அடுத்த மரத்துக்குப் போனார். ஆறு மரத்தையும் பார்த்து முடித்தார். பிறகு "ஹாதா மௌத்" என்றார். இது செத்துவிட்டது.

யார் தண்ணீர் ஊற்றுகிறவன் என்று கேட்டார். செல்லையா ஒரு அடி முன்னால் வைத்து, நான்தான் என்றார். பாபா அவரைப் பார்க்கக்கூட இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இவன் கலாஸ். மாசக் கடைசியில் கேன்சல்."

கலாஸ் என்றால் முடிந்தது, விசா கேன்சல் என்றால் ஊருக்குப் போ என்று அர்த்தம். அதற்கு அங்கே அகராதி தேவையில்லை.

சாக்கு சுற்றச் சொன்னது நான். பல்பு எரியவிட்டது என் யோசனை. அதைச் சொல்ல எனக்கு ஒரு முழு நிமிடம் இருந்தது. பாபா மெதுவாகத்தான் காரை நோக்கி நடந்தார். முட்டிவலிக்காரர். நான் அந்த ஒரு நிமிடமும் என் ஷூவில் ஒட்டியிருந்த மணலை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொடரில் என்னை நானே நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வேடிக்கையாக எழுத இன்றுவரை எனக்கு வரவில்லை.

ஐந்தாவது யூனிட்

மங்காஃபில் எங்கள் ஃபிளாட். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு. என் மனைவி கோமதி மீன்குழம்பு வைத்திருந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"ஏங்க, அது மீன்குழம்பு. சிமெண்டு இல்ல" என்றாள் கோமதி.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஷூவைப் பார்த்தது உட்பட.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் அபர்ணா, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் போனில் தேடினாள். வளைகுடாவில் வளர்ந்த பிள்ளை. இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் இறக்குமதி செய்வாள்.

"அப்பா, வெயிட். குளிர்ல இருந்து அதைக் காப்பாத்தினீங்களா? இட் நீட்ஸ் த கோல்ட், அப்பா. குளிர்லதான் அது தூங்கும். ஏழு டிகிரிக்குக் கீழ நூத்துக்கணக்குல மணி நேரம் தூங்கினாத்தான் மொட்டே திறக்கும். நீங்க லைட்டப் போட்டுத் தூங்க விடல."

சட்டென்று எனக்கு ஒரு வாசனை வந்தது. பழைய கல்லூரி விடுதியின் மூட்டைப்பூச்சி மருந்து வாசனை.

பழமரவியல் பரீட்சைக்கு முந்தைய வாரம். மொத்தம் ஐந்து யூனிட். கேள்வித்தாளில் நான்குக்கு விடையளித்தால் போதும். ஐந்தாவது யூனிட், குளிர்தேசப் பழமரங்கள். ஆப்பிள், பேரி, பாதாம். சீனியர் ஒருவர் கட்டிலில் படுத்தபடி அருள்வாக்குச் சொன்னார்: "நம்மூர்ல எவன்டா ஆப்பிள் போடப் போறான்? அதைச் சாய்ஸ்ல விடு."

விட்டேன். அந்தப் பக்கங்களை நான் பிரிக்கவே இல்லை. அதற்குள்தான் இந்தத் தூக்க விஷயம் முழுவதும் இருந்திருக்கிறது. என் வகுப்பில் அறுபது பேர். அறுபது பேரும் அதையேதான் விட்டோம். அந்த யூனிட்டைத் தமிழ்நாட்டில் படித்த ஒரே ஆள், அதை எழுதியவராகத்தான் இருக்கவேண்டும்.

"நீங்க காலேஜ்ல என்னதான் படிச்சீங்க?" என்றாள் கோமதி.

"மத்த நாலு யூனிட்டு."

அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படி வாசலில் நின்று, சத்தம் போடாமல் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில போய் உங்க முதலாளிகிட்ட நீங்களே சொல்லிருங்க. அந்த மனுஷன் ஊருக்குப் போயிட்டா, இந்த வீட்ல நீங்க என்ன ஜோக் அடிச்சாலும் நான் சிரிக்க மாட்டேன்."

எனக்கு வேலையைவிட அது முக்கியம். ஜோக்கடிக்கிறவனுக்கு வீட்டில் ஒரு ஆளாவது சிரிக்கவேண்டும்.

திவானியாவில் ஒரு வாக்குமூலம்

மறுநாள் காலை பாபா வீட்டுத் திவானியாவில் போய் நின்றேன். ஆண்கள் கூடி உட்காரும் வரவேற்பறை அது. நல்லவேளை, அவர் மட்டும்தான் இருந்தார். உட்காரச் சொன்னார். நின்றேன். சாய் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். வளைகுடாவில் டீயை மறுத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அரைகுறை அரபி, முக்கால் ஹிந்தி, மீதிக்குக் கை. இப்படித்தான் என் வாக்குமூலம் நடந்தது. மரத்துக்குக் குளிர் வேண்டும், எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னது பொய். சாக்குச் சுற்றச் சொன்னது நான். பல்பு நான். செல்லையா சொன்னதைச் செய்தார்.

சாக்குக்கு அரபி வார்த்தை வரவில்லை. நடித்துக் காட்டினேன். பிறகு, எதையும் மறைக்கக்கூடாது என்ற நேர்மை முற்றிப்போய், குல்லாவையும் சொன்னேன்.

பாபா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"குல்லா? மரத்துக்கா?"

"ஒரு மரத்துக்கு மட்டும், பாபா."

அவர் முகம் சிவந்தது. நான் மனசுக்குள் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்ட ஆரம்பித்துவிட்டேன். அபர்ணாவின் பரீட்சை, பள்ளிக்கூட டி.சி., கோமதியின் தையல் மெஷின். பாபாவின் தோள் குலுங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார். அடக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஊரில் முட்டியளவு பனியில் அந்த மரங்கள் நிற்கும், எவனும் அதுக்கு ஒரு டீ கூடக் கொடுத்ததில்லை என்றார்.

சிரிப்பு நின்றது. அந்தத் தோப்பே இப்போது இல்லை என்று மெதுவாகச் சொன்னார். பிறகு ஒரு விரலை நீட்டினார்.

"ஒரு குளிர்காலம். பூ வந்தா ரெண்டு பேரும் இருங்க. வரலையா, ரெண்டு பேரும் கலாஸ். ஒரே ஃபிளைட்."

பண்ணைக்குப் போய்ச் செல்லையாவிடம் சொன்னேன். கேன்சல் இல்லை என்றதும் அவர் குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். ரொம்ப நேரம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நேத்து ஏன் சார் சும்மா நின்னீங்க?"

"பயம், செல்லையா."

"அதான் நெனச்சேன்." ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றி, முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார். "குடிங்க. ஆறிரும்."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சும்மா இருப்பது எப்படி

இந்தமுறை படித்தேன். ஐந்தாவது யூனிட்டை, முப்பது வருஷம் தாமதமாக, அடிக்கோடு போட்டுப் படித்தேன். அபர்ணா வாய்விட்டுக் கேள்வி கேட்டாள். தவறினால் தலையில் குட்டினாள்.

படித்ததன் சாரம் இதுதான்: குளிர் வருவதற்கு முன்னால் மரத்தைத் தூங்கப் பண்ணு. குளிர் வந்தபின் அதன் பக்கம் போகாதே.

நவம்பரில் தண்ணீரைக் குறைத்தோம். மரங்கள் இலையைக் கொட்டவில்லை. கொட்டாவிட்டால் கையால் உருவிவிடு என்றது பாடம். செல்லையாவுக்கு மனசு வரவில்லை. பச்சை இலையை எப்படிப் பிய்ப்பது? கடைசியில் ஒவ்வொரு மரத்திடமும் ஏதோ முணுமுணுத்துவிட்டு உருவினார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "சார் சொல்லித்தான் செய்றேன்னு சொன்னேன்" என்றார். முன் ஜாக்கிரதை. நான் குறை சொல்லமாட்டேன்.

பகல் வெயில் பட்டு உறக்கம் கலையாமலிருக்க நிழல்வலையைத் திரும்பக் கட்டினோம். கோடையில் வெயிலுக்குக் கட்டியதைக் குளிர்காலத்தில் குளிருக்காகக் கட்டினோம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். அதன் அர்த்தம் எங்களுக்குப் புரிந்தது.

மரத்தடியில் ஒரு வெப்பமானி தொங்கியது. தினமும் அதன் பதிவைச் செல்லையா போனில் அனுப்புவார். ஏழு டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் என்று அபர்ணா எங்கள் அடுப்படித் தினசரிக் காலண்டர் தாளில் எழுதுவாள். ராகுகாலம், எமகண்டம், அதற்குக் கீழே பாதாம்காலம்.

டிசம்பர் ஏமாற்றியது. பாதி நாள் பூஜ்யம். குவைத் முழுக்க ஜனங்கள் 'ஆகா, என்ன சுகமான குளிர்காலம்' என்று கடற்கரையில் உலாவினார்கள். ஃபஹாஹீல் கடற்கரையில் ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களை நான் விரோதிகளைப்போலப் பார்த்தேன். கோமதி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஜனவரியில் ஒரு நாள், வடகாற்று மூன்று நாளாக நிற்காமல் வீசியபின், விடியற்காலை பண்ணைக்குப் போனேன். செல்லையா மரங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் ஒரு சணல் சாக்கு.

நான் அதைப் பார்த்தேன். அவரும் தன் கையைப் பார்த்தார், அது யாருடைய கை என்பதுபோல்.

"சும்மா வச்சிருக்கேன் சார்."

"கீழ போடுங்க செல்லையா."

"மைனஸ் ஒண்ணு காட்டுது சார்."

"போடுங்க."

போட்டார். சொட்டுநீர்க் குழாயின் மேல் வெண்மையாகப் பொடி பூத்திருந்தது. கன்றுகளின் கிளைகளில் உறைபனி, சீனி தூவியதுபோல். மொட்டைக் கிளைகள். அசைவே இல்லை. தூங்குகிறதா, போய்ச் சேர்ந்துவிட்டதா என்று எந்த மரமும் சொல்லாது. எனக்கும்கூட ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்திவிடலாமா என்று ஒரு கணம் கை பரபரத்தது. இரண்டு பேரும் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சூரியன் மேலே வரும்வரை ஒருவரையொருவர் காவல் காத்தோம்.

அன்று பக்கத்துப் பண்ணையில் தக்காளி முழுக்கக் கருகிவிட்டது. அங்கே மேனேஜரான எகிப்துக்காரர் வேலியோரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் ஆர்வம் தாங்காமல், "உங்கள் பக்கம் எத்தனை மணி நேரம் இருந்தது குளிர்?" என்று பளிச்சென்ற முகத்தோடு கேட்டுவிட்டேன். அவர் எழுந்த வேகத்தைப் பார்த்து, விஷயத்தைப் பிறகு விளக்கிக்கொள்ளலாம் என்று நடையைக் கட்டினேன். மறுநாள் செல்லையாவைக் கூட்டிக்கொண்டு போய், கருகிய செடிகளை அகற்றக் கூடமாட நின்றுவிட்டு வந்தேன். அப்போதும் அவர் என்னோடு பேசவில்லை.

போன்

பிப்ரவரி பாதி. காலை ஆறரை. பல் விளக்கிக்கொண்டிருந்தேன். செல்லையாவின் போன்.

"சார்." பிறகு ஒன்றுமில்லை. காற்றுச் சத்தம்.

"செல்லையா, என்ன?"

"வாங்க சார்" என்று வைத்துவிட்டார்.

மங்காஃபிலிருந்து வஃப்ராவரை அன்றைக்குப் போல் நீளமான சாலையை நான் பார்த்ததில்லை. நல்ல செய்தியென்றால் சொல்லியிருக்கமாட்டாரா? டிக்கெட், டி.சி., தையல் மெஷின் என்று பழைய அட்டைப்பெட்டிகளை மனசு திரும்பவும் கட்ட ஆரம்பித்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அப்போதுதான் பார்த்தேன், பயத்தில் நாற்பதில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பண்ணைக்குள் நுழைந்து வடக்கு மூலைக்கு நடந்தேன். செல்லையா எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் போனதும் ஒதுங்கினார்.

ஒரு இலை இல்லை. மொட்டைக் கிளை. அந்தக் கிளையின் பட்டையிலிருந்து நேராக, காம்புகூட இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டு, ஒரு பூ. வெள்ளை. நடுவில், தொண்டைக்குழியில் மட்டும் லேசான ரோஜா நிறம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று பாதி திறந்து. அதற்கு மேலே, கீழே, அடுத்த மரத்தில் எல்லாம், மொட்டுகள் நுனி வெளுத்துத் தயாராக நின்றன.

குனிந்து மோந்தேன். தேன் வாசனை, மெல்லியதாக.

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கவேண்டும் என்று நினைத்தேன்; மூக்கில்தான் ஒழுகியது.

"போன்ல சொல்றதுக்கென்ன செல்லையா? வழியெல்லாம் செத்துச் செத்து வந்தேன்."

"சொல்ல வரல சார்." என்றார் அவர். அவருக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. குளிர்தான் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

கோமதிக்குப் போன் போட்டேன். "பூத்திருச்சு" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, டிபன் சாப்பிடாமப் போயிட்டீங்க. செல்லையாவையும் கூட்டிட்டு வாங்க, தோசை ஊத்துறேன்" என்றாள்.

அந்த வாரத்துக்குள் ஆறில் ஐந்து மரம் பூத்துவிட்டது. ஒன்று இலை மட்டும் விட்டது. அதை யாரும் குறை சொல்லவில்லை. நானும் எல்லா யூனிட்டையும் படித்தவனில்லையே.

பாபாவின் உத்தரவு

பாபா வந்தார். வழக்கமான முட்டிவலி நடை. முதல் மரத்தருகில் நின்றவர் நகரவில்லை. பிறகு போனை எடுத்து யாரையோ வீடியோவில் கூப்பிட்டார். திரையில் வெள்ளைப் புருவத்தோடு ஒரு கிழவர். அவருக்குப் பின்னால் ஜன்னலில் பனி. பாபா போனைத் திருப்பிப் பூவைக் காட்டினார். கிழவர் ஏதோ சொன்னார். பாபாவும் அதே பாஷையில் ஒரு வார்த்தை சொன்னார். பிறகும் போனை வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தார்.

என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. எதற்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

போகும்போது பாபா செல்லையாவின் தோளில் கைவைத்தார். உடனே ஊருக்குப் போய்விட்டு வரச் சொன்னார். இரண்டு மாச லீவு. டிக்கெட் தன் பொறுப்பு. திரும்பி வரும்போது விசா புதுப்பித்துத் தயாராக இருக்கும். கேன்சல் என்று சொன்ன அதே வாய். நான் செல்லையாவைப் பார்த்தேன். கண் கலங்கும், கையெடுத்துக் கும்பிடுவார் என்று நினைத்தேன்.

செல்லையா தலையைச் சொறிந்தார்.

"இப்ப வேண்டாம் சார்னு சொல்லுங்க."

"என்னது?"

"பூவு வந்திருக்கு, சரி. காய் பிடிக்கணும்ல? இந்தப் பக்கம் தேனீ ஒண்ணையும் காணோம். நான் பிரஷ்ஷ வச்சு ஒரு மரத்துப் பூவுலருந்து இன்னொரு மரத்துப் பூவுக்குத் தடவிக்கிட்டு இருக்கேன். இந்த நேரத்துல விட்டுட்டு எப்படிப் போறது? சொல்லுங்க, காய் இறங்கட்டும், பாத்துட்டுப் போறேன்னு."

நான் மொழிபெயர்த்தேன். பாபா தோளைக் குலுக்கிக்கொண்டு, உன் இஷ்டம் என்று காரில் ஏறிவிட்டார். மறுபடி பூவிடம் போய்விட்டார் செல்லையா, ஓவியர்கள் வைத்துக்கொள்வதுபோன்ற ஒரு சின்ன பிரஷ்ஷோடு.

அன்று சாயங்காலம் அறந்தாங்கியிலிருந்து எனக்கு ஒரு போன். செல்லையாவின் மனைவி. இதற்கு முன் என்னோடு பேசியவரில்லை.

"அண்ணே, மரம் பூத்திருச்சாமே."

ஆமாம்மா, எல்லாம் உங்க வீட்டுக்காரர் கைராசிதான் என்றேன், பெருந்தன்மையாக.

"லீவு குடுத்தாகளாமே."

ஆமாம்மா.

"காய் பாத்துட்டு வர்றேன்கிறாரு. காய் எப்பண்ணே வரும்?"

ஆகஸ்டில் பறிக்கலாம்மா என்றேன். அந்தப் பக்கம் மாசி, பங்குனி என்று எண்ணும் சத்தம் கேட்டது.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீக" என்றார் அந்த அம்மாள். "நீங்க அதைச் சாக்கு போட்டு மூடியே வச்சிருக்கலாம்ண்ணே."